தொழுவத்தில் மர மெஷின்: தரை, கரண்ட், விரல்... கடைசியில்தான் விலை!

வரப்பில் நிற்கும் தேக்கை விலை பேச வியாபாரி வந்தால், முதலில் எடுப்பது ஒரு கயிறு. மரத்தின் நடுப்பகுதியில் கயிற்றைச் சுற்றுவார். சுற்றிய நீளத்தை நான்காக மடிப்பார். மடித்த நீளத்தை அதனாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தால் மறுபடி பெருக்கினால் கன அடி வந்துவிடும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் நான்கில் ஒரு பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி, பத்தால் பெருக்கினால் 10 கன அடி. அதே மரத்தை உருளையாக வைத்துக் கணக்குப் போட்டால் 12.7 கன அடிக்குமேல் வரும். அறுக்கும்போது போகிற சேதாரத்துக்காக விடப்படும் கழிவு இது. ஏமாற்று வேலை இல்லை, காலம்காலமாக இருக்கும் வழக்கம்தான். ஆனால், அந்த மரத்தையே சட்டமாகவும் பலகையாகவும் மரவாடியில் திரும்ப வாங்கப் போகும்போதுதான், விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது உறைக்கிறது.

வரப்பில் தேக்கு, குமிழ், மகோகனி நட்டவர்களின் மரங்கள் பல ஊர்களில் இப்போது வெட்டுக்கு வந்துவிட்டன. வேலியோரத்து வேம்பு, வாகை, பூவரசு எப்போதும் உண்டு. மாடுகள் குறைந்ததால் காலியாகக் கிடக்கும் தொழுவமும் இருக்கிறது. தச்சு வேலை தெரிந்த மகனோ மச்சானோ வீட்டில் இருந்துவிட்டால், ‘நாமே ஒரு மெஷின் போட்டால் என்ன?’ என்ற யோசனை வரத்தான் செய்யும். நல்ல யோசனைதான். எல்லோருக்கும் இல்லை என்பதுதான் விஷயம்.

சொந்த வீட்டுக்கு நான்கு நிலை, ஆறு ஜன்னல் செய்வது மட்டும்தான் திட்டம் என்றால் மெஷின் வாங்குவது வீண். மரத்தை மில்லில் அறுத்து, தெரிந்த ஆசாரியின் பட்டறையில் மணிக்கூலிக்கு இழைத்து வாங்கிவிடலாம். வருடம் முழுக்க வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று, நான்கு பேராவது மரம் கொண்டுவர வேண்டும். அப்படி இருந்தால் மட்டும் மேலே படிக்கலாம்.

உருட்டு மரத்தை வீட்டில் அறுக்க வேண்டாம்

வெட்டிய மரத்தை அப்படியே பலகையாக அறுக்கும் பெரிய பேண்ட் சா மெஷினை வீட்டில் வைக்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். உருட்டு மரம் அறுக்கும் மில்லுக்கு வனத்துறையின் உரிமம் கட்டாயம். காடுகள் தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, நாடு முழுக்க மர மில்களுக்கான கட்டுப்பாடு இறுகிவிட்டது. ‘என் நிலத்து மரம், என் வீட்டு மெஷின்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

வீட்டுப் பட்டறைக்குப் பொருத்தமானது, மில்லில் அறுத்து வந்த பலகையை வேலைக்குத் தயார் செய்யும் மெஷின்கள்தான். பலகையைக் கிழிக்கவும் துண்டு போடவும் டேபிளில் பொருத்திய வட்ட ரம்பம், ஒரு பக்கத்தை மட்டமாக்கும் இழைப்பு மெஷின், கனத்தை ஒரே சீராக்கும் திக்னஸ் பிளேனர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து வரும் மெஷினும் கிடைக்கிறது. இடம் மிச்சம்தான். ஆனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அந்த அலுப்பில் முதலில் கழற்றி வீசப்படுவது பாதுகாப்பு மூடிதான். இடம் இருப்பவர்கள் தனித்தனியாக வாங்குவதே மேல்.

இந்தச் சிறு மெஷின்களுக்கும் எந்த அனுமதி வேண்டும், எது வேண்டாம் என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இயந்திரம் நிறுவுவதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் தேவைப்படலாம். தேக்கு, சந்தனம், ஈட்டி போன்ற மரங்களை வெட்டவும் வண்டியில் ஏற்றிச் செல்லவும் தனி விதிகள் இருக்கின்றன. கோடரியை எடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டியது இது.

காயாத மரம் மெஷினுக்கும் பகை

மில்லிலிருந்து வந்த பலகையை அன்றே இழைத்துப் பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். பச்சை மரம் இழைத்த அன்றைக்கு மட்டமாக இருக்கும். பத்து நாளில் முறுக்கிக்கொள்ளும். அதோடு ஈரமான தூள் உருளையில் அப்பி, பலகையை இழுக்கும் ரோலரை அடைத்துவிடும்.

காய வைக்க பெரிய செலவு இல்லை. மழையும் நேர் வெயிலும் படாத, காற்றோட்டமான கொட்டகை வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் பலகையை அடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைக்க வேண்டும். மேல் அடுக்கின் ரீப்பர், கீழ் அடுக்கு ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டியது முக்கியம். தள்ளிப்போனால் பலகை அந்த இடத்தில் வளைந்துவிடும். பலகையின் இரு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிட்டால் முனை வெடிப்பு குறையும். ஏனென்றால், மரத்திலிருக்கும் ஈரம் பக்கங்களைவிட முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறுகிறது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் விவசாயி வீட்டில் தராசு இருக்கும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து எடை போட்டு, எடையையும் தேதியையும் அதன்மேலேயே எழுதி, திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வாராவாரம் எடை போட வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால், அந்த இடத்துக் காற்றுக்கு ஏற்றபடி மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனையை நம்பக்கூடாது. காற்றில் ஈரம் ஏறும்போது மரமும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழையில் அளவெடுத்துச் செய்த கதவு சித்திரையில் இடைவெளி விடுவதும், கோடையில் இறுக்கமாகப் பொருத்திய கதவு மழைக்காலத்தில் சாத்த முடியாமல் போவதும் இதனால்தான்.

தேக்காகவே இருந்தாலும் உள்ளிருக்கும் வைரப் பகுதிக்குத்தான் பலம். இளம் மரத்தில் வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியில் வண்டு துளைக்கும். மில்லிலிருந்து வந்த உடனேயே போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் முக்கியெடுத்துக் காய வைத்தால் வண்டைத் தடுக்கலாம். வீட்டுக்குள் பயன்படும் மரத்துக்கு மட்டும்தான் இது. மழையில் நனைகிற மரத்தில் கரைந்து போய்விடும்.

கரிசல் மண்ணில் கனமான மெஷின்

வார்ப்பிரும்பில் செய்த இழைப்பு மெஷின்கள் சாதாரணமாகவே சில நூறு கிலோ இருக்கும். அந்தக் கனம்தான் அதன் பலம். அதிர்வு குறைந்து, இழைப்பு மழமழவென்று வரும். தொழுவத்துச் சாணித் தரையிலோ, இரண்டு அங்குலம் பூசிய சிமென்ட் தரையிலோ வைத்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். இறங்கிய மெஷினில் டேபிள் முறுக்கிக்கொண்டால், எவ்வளவு நல்ல பிளேடு போட்டாலும் பலகை மட்டமாக வராது.

செம்மண், சரளை நிலத்தில் மண்ணை நன்றாகக் கெட்டித்து, ஆறு அங்குலத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் போட்டால் போதும். கரிசல் மண்ணில் இது போதாது. மழைக்கு உப்பி, கோடையில் வெடிக்கும் மண் அது. மெஷின் வரும் இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகே கான்கிரீட் போட வேண்டும். அந்த ஊரில் வீடு கட்டிய கொத்தனாரைக் கேட்டால், எத்தனை அடி தோண்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கான்கிரீட் முழுதாக இறுகுவதற்கு 28 நாள் விட்டு மெஷினை ஏற்றலாம். போல்ட் போடுவதற்கு முன் டேபிளின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, தகடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. மெஷின் அடைக்கும் இடத்தை மட்டும் அளந்து, சுவரோரமாக வைத்துவிடுகிறார்கள். நிலைச் சட்டம் 7 அடி நீளம் என்றால், பிளேடுக்கு முன்னால் 7 அடியும், பின்னால் 7 அடியும் வேண்டும். ஆள் நிற்க இன்னும் மூன்றடி. சின்னத் தொழுவத்தில் இது கிடைக்காது. பிளேடுக்கு நேராகக் கதவோ ஜன்னலோ இருக்கும்படி மெஷினைத் திருப்பி வைத்துவிட்டால், நீளமான பலகை வெளியே போய்க்கொள்ளும். அந்த வாசல் வழியாகப் பிள்ளைகளோ கன்றுக்குட்டியோ குறுக்கே வராமல் தடுப்பு போட்டாக வேண்டும்.

வண்டியிலிருந்து இறக்கும்போது டேபிளைப் பிடித்துத் தூக்கக்கூடாது. டேபிள் நகர்ந்து அளவு கெட்டுவிடும். அடிப்பாகத்தில் கட்டிச் செயின் பிளாக்கில் இறக்கி, இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டுத் தள்ள வேண்டும். எடை முழுக்க மேல்பாகத்தில் இருப்பதால் குப்புறச் சாய்வது ஒரு நொடி வேலை. சாயும் மெஷினைப் பிடிக்கப் போகக்கூடாது, விலகிவிட வேண்டும்.

கிணற்று மோட்டார் புத்தி இங்கே ஆகாது

மெஷின் விற்க வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்... “உங்க தோட்டத்துலதான் மும்முனை கரண்ட் இருக்கேண்ணே. அந்த லைன்லயே இழுத்துக்குங்க. யாரு வந்து பார்க்கப்போறா?”

பார்ப்பார்கள். விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. அதில் மர மெஷினை ஓட்டினால், மின்சாரச் சட்டம் 2003-ன் பிரிவு 126 படி அனுமதியில்லாத பயன்பாடு. பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். இலவச மின்சாரத்தில் தண்ணீர் பாய்ச்சும் குடும்பம், ஒரு மெஷினுக்காக அந்த இணைப்பையே சிக்கலில் மாட்டிவிடக்கூடாது. பட்டறைக்குத் தனியாக விண்ணப்பித்து மும்முனை இணைப்பு வாங்குவதே முறை. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. அது பொருந்துமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மும்முனை இணைப்புக்கு வழியே இல்லாதவர்கள் 2, 3 ஹெச்.பி. வரையிலான மெஷினோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருமுனை மின்சாரத்தில் 3 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. வீட்டு வயரிங்கும் பிளக்கும் அதைத் தாங்காது. மீட்டரிலிருந்தே தனி வயர் இழுக்க வேண்டும். மும்முனை மோட்டாரை ஒருமுனை மின்சாரத்தில் ஓட்டும் வி.எஃப்.டி. கருவியும் கிடைக்கிறது. கண்டன்சர் வைத்து ஓட்டுவதைவிட அது பல மடங்கு மேல். வாங்கும் முன், மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார்த்து, இணைப்பை டெல்டாவுக்கு மாற்ற முடியுமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லைன் கடைசியில் இருக்கும் ஊர்களில் மின்னழுத்தம் குறைவாகத்தான் வரும். 20 சதவிகிதம் குறைந்தால், மோட்டார் கிளம்பும் விசை 36 சதவிகிதம் குறைந்துவிடும். பிளேடு பலகையில் திணறி நின்று, மோட்டார் காந்தும். அப்போது பெரிய மோட்டாராக மாற்றினால் இழுவை இன்னும் கூடும். தடித்த வயரும், ஒரு தடவைக்கு ஒரு மில்லி மீட்டர் மட்டும் இழைக்கும் பொறுமையும்தான் தீர்வு.

இனி வருவதுதான் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம்.

கரண்ட் வந்தவுடன் தானாகக் கிளம்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர், இரவில் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு வரப்பிரசாதம். அதே பழக்கத்தில், அதே எலெக்ட்ரீஷியனை வைத்து மர மெஷினுக்கும் ஆட்டோ போட்டால் அது கொலைகாரனாகிவிடும். பலகை பாதி அறுபட்ட நிலையில் கரண்ட் போகிறது. மாட்டிய பலகையை எடுக்கக் கை போகிறது. கரண்ட் வருகிறது. மர மெஷினுக்கு ஆட்டோவே கூடாது. கரண்ட் போனால் தானாக விடுபட்டு, மறுபடி கையால் பச்சை பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர்தான் இருக்க வேண்டும். அதை மாட்டியதும் ஒரு சோதனை செய்துவிடலாம். பலகை இல்லாமல் மெஷினை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். மெஷின் ஓடவில்லை என்றால் சரி. ஓடினால், அந்த ஸ்டார்ட்டரை மாற்றும்வரை மரத்தைத் தொடக்கூடாது.

இன்னொன்றும் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்து லைன் மாற்றிப் போட்டுவிட்டால், கிணற்று மோட்டார் திருப்பிச் சுற்றும், தண்ணீர் குறைவாக வரும். மர மெஷினில் அப்படித் திருப்பிச் சுற்றினால் பிளேடை இறுக்கியிருக்கும் நட்டு கழன்றுவிடலாம். பலகையை ஆளை நோக்கித் தள்ளுவதற்குப் பதில் எதிர்ப்பக்கம் பிடுங்கி, பிடித்திருக்கும் கையையும் சேர்த்து இழுக்கும். எனவே ஊரில் லைன் வேலை நடந்த மறுநாள், பலகை வைக்காமல் ஒரு நொடி ஓட்டி, சுற்றும் திசையைப் பார்த்துவிட வேண்டும். சரியான திசையை மெஷினிலேயே பெயின்டில் அம்புக்குறியாகப் போட்டு வைப்பது நல்லது. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி, எர்த் லீக்கேஜ் பிரேக்கர், தனி எர்த் குழி மூன்றும் கட்டாயம். மாடு கட்டிய தொழுவத்தில் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு

பழைய வார்ப்பிரும்பு மெஷின் வாங்குவதில் தப்பில்லை. புது ரகங்களைவிடப் பல நேரம் அதுவே உறுதி. பெயின்டைப் பார்க்கக்கூடாது. டேபிளின் மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பில் விரிசலோ, பற்றவைத்த தடமோ இருந்தால் விட்டுவிடலாம். பிளேடு மாட்டும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பேரிங்கின் நிலைமை தெரியும். இழைப்பு மெஷினில் கத்தி பொருத்தும் உருளை வட்டமாக இருக்க வேண்டும். மிகப் பழையவற்றில் சதுரமாக இருக்கும். அதன் மூலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் கை விழுந்தால் விரல் நுனியோடு நிற்காது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சதுர உருளை வேண்டாம்.

புல்லி மாற்றுவதில் கவனம் தேவை. டீசல் இன்ஜினிலும் கரும்பு மெஷினிலும் புல்லி மாற்றி வேகம் கூட்டியவர்களுக்கு இங்கேயும் கை பரபரக்கும். 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 6 அங்குல புல்லி, ரம்பத் தண்டில் 3 அங்குல புல்லி என்றால் பிளேடு நிமிடத்துக்கு 2,880 தடவை சுற்றும். 12 அங்குல பிளேடின் பல் அப்போது மணிக்கு சுமார் 165 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதுவே தாராளம். மோட்டார் புல்லியை 8 அங்குலமாக்கினால் சுற்று 3,840 ஆகும். பிளேடின் மேல் எழுதியிருக்கும் உச்சபட்ச வேகத்தைத் தாண்டினால், அதில் ஒட்டவைத்த கார்பைடு பல் தெறித்துத் தோட்டாபோலப் பாயும்.

ஆப்பு செய்யும் வேலை

பெரிய வாளால் இரண்டு பேர் மரம் அறுத்த காலத்தில், அறுத்துக்கொண்டே போகும்போது பின்னால் பிளவில் ஓர் ஆப்பைச் செருகுவார்கள். இல்லையென்றால் பிளந்த மரம் மறுபடி கூடி வாளை நெருக்கிவிடும். வட்ட ரம்பத்திலும் அதேதான் நடக்கிறது. ஆனால், கையால் இழுக்கும் வாள் நின்றுவிடும். ரம்பம் நிற்காது. நெருக்கிய பலகையைப் பின்பக்கப் பற்கள் தூக்கி, அறுப்பவர் வயிற்றை நோக்கி எறியும். அடிபடுவது பலகையால் மட்டும் இல்லை. பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடி விட்டுப்போய் நேராகப் பிளேடில் விழுகிறது.

இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. பழைய ஆப்பு செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அறுப்பு அகலத்தைவிடக் கொஞ்சம் மெல்லியதாக, பிளேடுக்கு மிக அருகில், நேர்கோட்டில் நிற்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த டேபிள் ரம்பங்களில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. இல்லாமல் வாங்கினால், லேத் பட்டறையில் செய்து பொருத்திய பிறகே ஓட்ட வேண்டும். வரப்பில் சாய்ந்து வளர்ந்த மரத்திலும், தைல மரத்திலும் உள்ளிழுவிசை அதிகம். அறுக்க அறுக்கவே மூடிக்கொள்ளும்.

பிளேடு பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் எட்டிப் பார்த்தால் போதும். அறுப்பவர் பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசி ஒரு அடியைக் கையால் தள்ளாமல், நுனியில் வெட்டுப்போட்ட ஒரு கட்டையால் தள்ள வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே அது கைக்கெட்டும் இடத்தில் ஆணியில் தொங்க வேண்டும். இழைப்பு மெஷினில் ஒரு அடிக்குக் குறைந்த துண்டை வைக்கவே கூடாது. சின்னத் துண்டு வேண்டுமென்றால் நீளமாக இழைத்துவிட்டுப் பிறகு நறுக்கிக்கொள்ளலாம். திக்னஸ் பிளேனரில் மாட்டிய பலகையை ஓடும்போது குனிந்து பார்க்கக்கூடாது.

உடுப்பிலும் பழக்கம் மாற வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, கையில் கட்டிய கயிறு, காப்பு எதுவும் ஆகாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். சுற்றுகிற மெஷினில் அது நேர்மாறு. நூல் மாட்டினால் கையையே இழுத்துவிடும். உதவிக்கு நிற்கும் பெண்கள் முந்தானையை இறுக்கிச் செருகி, சடையைக் கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு பல நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றதும் நின்றுவிட்டதென்று நினைத்துத் தூளைக் கையால் தள்ளும்போது விரல் போனவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மாட்ட வேண்டும்.

அப்படியும் விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்கக்கூடாது. 108-ஐ அழைத்து, விரலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை இருக்கும் மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும். அப்படிப்பட்ட மருத்துவமனை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதை மெஷின் வாங்கும் முன்பே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

வேலிக் கம்பி விழுங்கிய மரம்

காட்டு மரத்தில் இல்லாத ஒரு ஆபத்து தோட்டத்து மரத்தில் உண்டு. வேலிக்கு அடித்த ‘யு’ ஆணி, ஆடு கட்ட அடித்த ஆணி, கொடிக் கம்பி எல்லாவற்றையும் மரம் பத்து வருடத்தில் விழுங்கிவிட்டிருக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது. பலகையில் கருநீலக் கறை இருந்தால் நிச்சயம் சந்தேகப்பட வேண்டும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். பலகை முழுக்க வலுவான காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஆழத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சிறு உலோகம் காட்டும் கருவியும் விற்கிறது. ஓர் ஆணி ஒரு செட் கத்தியையே காலி செய்துவிடும் என்பதால், அந்தக் கருவி தன் விலையைச் சீக்கிரமே எடுத்துவிடும். இனி வேலி போடுகிறவர்கள் விலைக்குப் போகும் மரத்தில் ஆணி அடிக்காமல், பக்கத்தில் கல்தூண் நட்டுக்கொள்வது நல்லது.

பனையும் தென்னையும் அறுக்கும்போது சாதாரண எஃகுப் பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். தேக்கிலும் மணல் சத்து உண்டு. இவற்றுக்குக் கார்பைடு பல் வைத்த பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு கூர்மையானதைவிட ஆபத்து. தள்ளுவதற்கு அதிக பலம் கொடுக்கும்போதுதான் கை வழுக்குகிறது.

தூள்

மரத்தூள் சாதுவாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கையும், அதைச் சுற்றிய எலும்பு அறைகளையும் பாதிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சுருள் சீவல் இல்லை, காற்றில் மிதக்கும் பொடிதான் எமன். என்-95 முகக்கவசம் போட வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு அந்தப் பொடியைத் தடுக்காது. தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் கருவியை மெஷினோடு சேர்த்தே வாங்குவது நல்லது. இழைப்பு மெஷினின் சத்தம் 100 டெசிபலை நெருங்கும். காது மூடியும் தேவை.

பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். கத்தியைச் சாணை பிடிக்கும் கிரைண்டர் பொறி, தூள் குவியலில் விழுந்து வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். நள்ளிரவில்தான் தீப்பிடிக்கும். சாணை பிடிக்கும் இடத்தைத் தனியாக வைத்து, மாலையில் தூளை அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும்.

அள்ளிய தூளை அப்படியே வயலில் போட்டால், அது மட்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டு, கோமியமும் சாணமும் ஊறிய பிறகு குப்பைக் குழிக்குக் கொண்டுபோனால் நல்ல எருவாகும். ஆணித் துண்டுகள் கலந்திருக்கலாம் என்பதால் மாட்டுக்குப் போடும் முன் காந்தத்தை ஓட்டிவிட வேண்டும். பிளைவுட், எம்.டி.எஃப். அறுத்த தூளில் பசை கலந்திருக்கும். போராக்ஸ் கரைசலில் முக்கிய மரத்தின் தூளும் எருவுக்கு ஆகாது. இவற்றைத் தனிச் சாக்கில் கட்டி வைத்து, தொழுவத்துப் பக்கமும் எருக்குழிப் பக்கமும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.